மேல வீடு

ஜனவரி 20, திங்கள்

எப்சிபா அக்கா இன்று ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். அவர் உளவியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. வீடியோ கேம் ஆடுகிற கல்லூரிப் பெண்களுக்கு ஏதாவது திறமை வளர்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய பிஎச்.டி. அதற்காக நாங்கள் தினமும் சாயங்காலம் உளவியல் லேபில் உட்கார்ந்து போனில் விளையாட வேண்டும். விளையாடுவது முழுக்க ஸ்கிரீன் ரெக்கார்டு ஆகும். பிறகு மனதில் தோன்றியதை நோட்டில் எழுத வேண்டும். வீட்டில் போனை எடுத்தாலே அம்மா, “அதுக்குள்ளயே விழுந்து கெட” என்பாள். இங்கே அதற்கு வருகைப் பதிவு போடுகிறார்கள்.

“மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க. நான் மட்டும்தான் படிப்பேன்” என்றார் அக்கா. ஒருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்த பிறகு யார் அப்படியே எழுதுவார்கள்? ஆகவே இது என் சொந்த நோட்டு. அக்காவுக்கு நல்ல பிரதி தனி.

விளையாட்டு ஒன்றும் சிக்கலானதல்ல. நான்கு பேர் ஓர் அணி. ஒரு தீவில் குதித்து, வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி பொறுக்கி, மற்ற அணிகளைச் சுட வேண்டும். கடைசிவரை நிற்கிற அணிக்கு வெற்றி. நால்வரில் ஒருத்தி மைக்கில் ‘கால்’ கொடுப்பாள். எதிரி எங்கே நிற்கிறான், யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்வது அவள் பொறுப்பு. முதலாம் ஆண்டிலிருந்து அந்தப் பொறுப்பு என்னுடையது. இந்த ஹாஸ்டலில் கேம் என்றால் வினோலியா என்பார்கள். நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்வது.

என் அணியில் நஸ்ரின், என் அறைத்தோழி. நான் பாளையங்கோட்டை, அவள் பக்கத்திலேயே மேலப்பாளையம். கோயம்புத்தூருக்கு ஒரே பஸ்ஸில் வந்து ஒரே அறையில் சேர்ந்தவர்கள். அடுத்தது பூங்கொடி, பொள்ளாச்சிக்காரி. நான்காவதாக இருந்தவள் இன்டர்ன்ஷிப் என்று பெங்களூர் போய்விட்டாள். யாரையாவது போட்டுத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.

ஆரம்பப் பரீட்சை ஒன்று வைத்தார்கள். ஓர் ஊரின் வரைபடத்தைக் காட்டி, தபால் நிலையத்திலிருந்து குளத்துக்கு வழி கேட்டார்கள். என் மார்க் சுமார்தான். ஜெராக்ஸ் மங்கலாக இருந்தது.

நல்ல பிரதியில்: “இந்த ஆராய்ச்சியில் பங்கேற்பது பெருமையாக உள்ளது.”

ஜனவரி 22, புதன்

நான்காவது ஆள் வந்துவிட்டாள். இசக்கியம்மாள். முதலாம் ஆண்டு, வரலாறு. வள்ளியூருக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை. போனின் ஒரு மூலை உடைந்து, அதன்மேல் செலோ டேப். இவளை வைத்து என்ன செய்ய என்று நினைத்தேன்.

“நான்தான் கால் கொடுப்பேன், கவனமா கேளு” என்றேன்.

“காலா? எதுக்குக்கா காலு?” என்றாள். பூங்கொடி சிரித்ததில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. ஒருவன் பாறைக்குப் பின்னாலிருந்து சுட்டான். “லெஃப்ட்ல! லெஃப்ட்ல!” என்று கத்தினேன்.

“யாருக்கு லெஃப்ட்டுக்கா? ஒங்களுக்கா, எனக்கா?”

கேள்வி கேட்கிற நேரமா அது? பதில் சொல்வதற்குள் நான் விழுந்தேன். உடனே இவள் மைக்கில், “நஸ்ரினக்கா, பாறைக்கு வடக்க நிக்கான், வடக்க” என்றாள். திரையின் மேலே திசை காட்டும் பட்டை ஒன்று உண்டு. நாங்கள் யாரும் அதைப் பார்ப்பதே கிடையாது. நஸ்ரின் பார்த்தாள். திரும்பிச் சுட்டாள். அவன் செத்தான்.

“ஏட்டி, நல்லா சொல்லுதியே!” என்றாள் நஸ்ரின்.

நஸ்ரின் வாயிலிருந்து ‘ஏட்டி’ கேட்டு மூன்று வருடம் ஆகிறது. இந்த ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பேச்சை மூட்டைகட்டி வைத்துவிட்டோம். வகுப்பில் எல்லாரும் நக்கலடித்தார்கள். நான்தான் முதலில் மாற்றிக்கொண்டேன், பிறகு நஸ்ரினுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ‘சொல்லுதேன்’ அல்ல, ‘சொல்றேன்’. இன்று ஒரே சாயங்காலத்தில் அத்தனையும் போயிற்று.

ஜனவரி 27, திங்கள்

இன்று என்னை வைத்துச் சிரித்தார்கள்.

ஆட்டத்தில் நான் ஒரு மாடி வீட்டுக்குள் இருந்தேன். இசக்கி, “வினோக்கா, மேல வீட்டுல ஆள் இருக்கான்!” என்றாள். மாடிக்கு ஓடினேன். மாடியில் ஒரு பழைய கட்டிலும் நாற்காலியும் இருந்தன. ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவன் என் முதுகில் சுட்டான்.

“மாடியில யாருமில்லையே!” என்றேன்.

“மாடின்னு யாருக்கா சொன்னா? மேல வீடுன்னுல்லா சொன்னேன்.”

அப்புறம்தான் விளங்கியது. அவள் ஊரில் மேல வீடு என்றால் மேற்கே இருக்கிற வீடு. கீழ வீடு என்றால் கிழக்கே இருக்கிற வீடு. “எங்க ஊர்ல மாடியே ரெண்டு மூணுதான்க்கா. மேல போறதுன்னா மேக்க போறதுதான்” என்றாள். பாளையங்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருப்பது மாடி வைத்த வீடு. மேல வீடு என்றால் தலைக்குமேல் தையல் மெஷின் ஓட்டுகிற டீச்சர் வீடு. நான் மாடிக்குப் போனதில் என்ன தப்பு? யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

நஸ்ரின் சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டாள். இரவு உணவு வரிசையில்கூட, “வினோ, மேல பாத்து நட” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி மைக்கில் ‘மேல’, ‘கீழ’ கூடாது, ‘மேக்க’, ‘கெழக்க’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று விதி போட்டேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

நல்ல பிரதியில்: “குழுவில் தகவல் தொடர்பு மேம்பட ஒரு விதி வகுத்தோம்.”

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் சர்ச். வந்து துணி துவைத்தேன். இடது ஓரக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. மதியம் மெஸ்ஸில் பிரியாணி என்று பெயர் வைத்து ஏதோ போட்டார்கள்.

சாயங்காலம் இசக்கி எங்கள் அறைக்கு வந்தாள். நஸ்ரின் கூப்பிட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். முதலாம் ஆண்டில் இந்த அறைக்கு வந்த அன்று, தொழுகைக்கு விரிக்க மேற்கு எது என்று தெரியாமல் நஸ்ரின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என் போனில் திசைகாட்டியை வைத்துப் பார்த்து நான்தான் சொன்னேன். அந்தச் சுவரோரம் என் தகரப் பெட்டி இருந்தது. அதை இழுத்துப்போட்டு இடம் விட்டேன். அன்று தொடங்கியதுதான் எங்கள் சிநேகம். இன்றுவரை பாங்கு நேரம் வந்தால் என் கால் தானாகப் பெட்டியைத் தள்ளும். அவள் கேட்டதே இல்லை.

இன்று நஸ்ரின் விரிப்பை எடுத்ததும், அறைக்குள் முதல்முறை வந்த இசக்கி, “மேக்க இதுல்லாக்கா?” என்று சரியாக அந்தச் சுவரைக் காட்டினாள். போனைப் பார்க்கவில்லை. ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை.

“எப்படிட்டி தெரியும்?” என்று நஸ்ரின் வியந்துபோனாள்.

“தெரியாம எப்படிக்கா இருக்க முடியும்?” என்றாள் அவள்.

பிறகு தன் கையாலேயே என் பெட்டியை நகர்த்தினாள். என் பெட்டி. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு தகரப் பெட்டிக்கா இவ்வளவு என்று கேட்கலாம், ஆனால் எரிந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

வென்றோம். எல்லாரும் இசக்கியைக் கட்டிக்கொண்டார்கள். கால் கொடுத்தது நான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வரும் 22ஆம் தேதி துறை விழாவில் கல்லூரிகளுக்கிடையே போட்டி. பெரிய அரங்கில், மேடையில், பெரிய திரையில். அதற்கு முன் ஒவ்வோர் அணியும் கால் கொடுப்பவரைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எப்சிபா அக்கா சொன்னார். ஆராய்ச்சியில் அதுவும் ஒரு பகுதியாம்.

துண்டுச் சீட்டில் ஓட்டுப் போட்டோம். இசக்கிக்கு மூன்று. எனக்கு ஒன்று.

எனக்கு விழுந்த அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று எழுத வேண்டியதில்லை. என்மேல் நம்பிக்கை உள்ள ஒருத்தி போட்டது.

ஆனால் கணக்கு நேராகத்தான் இருக்கிறது. நஸ்ரின் எனக்குப் போடவில்லை. இரவு படுக்கும்போது, “கோவமா வினோ?” என்று கேட்டாள். “எதுக்கு கோவம்?” என்றேன். “அவ சொன்னா எனக்கு டக்குனு புரியுது. நீ சொன்னா யாருக்கு லெஃப்ட்டுன்னு யோசிக்க வேண்டியிருக்கு” என்றாள். மூன்று வருடமாக யோசிக்காமல் ஓடினவள்தானே இவள்? யாரோ ஒருத்தி வந்து கேட்டதும்தான் அந்தக் கேள்வி முளைத்ததா?

கோபம்தான். நன்றாகவே கோபம்.

நல்ல பிரதியில்: “தலைமைப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது நல்ல அனுபவம்.”

பிப்ரவரி 14, வெள்ளி

வடக்கு ஓரக் குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டது. வார்டனிடம் சொன்னால் மோட்டார் ரிப்பேர் என்கிறார்.

இப்போதுதான் கவனித்தேன், வடக்கு என்று எழுதியிருக்கிறேன். இடது ஓரக் குழாய். அடித்துவிடலாம் என்றால் நோட்டு அசிங்கமாகும், இருக்கட்டும். காது இருக்கிறது, அவள் நாள் முழுக்கக் கத்துகிறாள், உள்ளே போகாமல் என்ன செய்யும்?

பிப்ரவரி 18, செவ்வாய்

பயிற்சி. ஆட்டம் சூடாக இருந்த நேரத்தில் இசக்கி விதியை மறந்து, “கீழ வீடு! கீழ வீடு!” என்று கத்திவிட்டாள். பூங்கொடி மாடியிலிருந்து தடதடவென்று கீழே இறங்கி ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே கிழக்கே திரும்பி, எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேரைச் சுட்டுப் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

“சூப்பர் கால்ட்டி இசக்கி!” என்றாள் நஸ்ரின்.

கால் சூப்பராம். சுட்டது யார்?

இசக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “மறந்துட்டேன்க்கா. பதட்டத்துல வீட்டுப் பேச்சு வந்துருது. அன்னைக்கு மட்டும் வராம இருக்கணும்” என்றாள். “பரவால்ல” என்றேன். இவ்வளவு மரியாதையாக இருக்கிற ஒருத்தியை வெறுப்பது பெரிய வேலை. அவள் கொஞ்சம் திமிராக இருந்தால் எனக்கு வசதியாக இருக்கும்.

பிப்ரவரி 22, சனி

தோற்றோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. கடைசியில் இரண்டு அணிகள் மட்டும் மிச்சம். நாங்களும் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு மகளிர் கல்லூரியும். அந்தப் பக்கம் இரண்டு பேர், எங்கள் பக்கம் நால்வரும் உயிரோடு. வெற்றி எங்களுக்குத்தான் என்று அரங்கமே கத்திக்கொண்டிருந்தது. கத்தியது என்ன என்றால், “இசக்கி! இசக்கி!” என்று. நஸ்ரினும் சிரித்துக்கொண்டே இசக்கியின் தோளில் தட்டினாள். அவர்கள் இருவரும் அடுத்தடுத்த நாற்காலி. நான் ஓரத்தில்.

ஆட்டத்தில் நான் ஒரு மாடி வீட்டுக்குள். இசக்கியும் பூங்கொடியும் தூரத்தில் குன்றின்மேல். நஸ்ரின் என் வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் கிணற்றைச் சுற்றி ஓடி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பாதுகாக்க வேண்டியது நான்.

அப்போது இசக்கி கத்தினாள்: “வினோக்கா, மேல வீடு! மேல வீடு!”

விதி என்ன? ‘மேல’ என்று சொல்லக்கூடாது. விதியை மீறியது யார்? அவள். மேல வீடு என்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் மாடிக்குத்தான் போவார்கள். நான் மாடிக்குப் போனேன். மாடியில் யாரும் இல்லை. அதற்குள் மேற்கு வீட்டு ஜன்னலிலிருந்து இருவரும் சேர்ந்து நஸ்ரினைச் சுட்டார்கள். பிறகு என்னை. குன்றிலிருந்து இறங்கி ஓடி வந்த இரண்டு பேரையும் வழியிலேயே முடித்தார்கள்.

“எங்க போன புள்ள நீயி?” என்று பூங்கொடி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“மேல வீடுன்னு சொன்னா. மேல போனேன்” என்றேன்.

எல்லாரும் இசக்கியைப் பார்த்தார்கள். அவள் இயர்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “ஆமா, நான்தான் தப்பா சொல்லிட்டேன்” என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி.

இசக்கி வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாய் பொட்டலம் ஒன்றை என் மேசைமேல் வைத்தாள்.

“ஒங்கள எல்லாரு முன்னாலயும் மாட்டி விட்டுட்டேன்க்கா. என் வாயி சும்மா இருக்க மாட்டேங்கு. பூங்கொடியக்கா ஒங்களப் போயி கத்துனாவ. எனக்கு ராத்திரியெல்லாம் ஒறக்கமே இல்ல.”

“விடு. எல்லாருக்கும் நடக்கிறதுதான்” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நஸ்ரின் கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லவதான் நீ” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. கிண்டலாகச் சொல்லியிருக்கலாம்.

மிட்டாய் நன்றாக இருந்தது. பொட்டலம் முழுவதையும் தின்றுவிட்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆராய்ச்சி முடியும்வரை நானே கால் கொடுப்பதாக முடிவாயிற்று. யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. இசக்கியே சொல்லிவிட்டாள்.

அவள் இப்போது லெஃப்ட், ரைட் என்கிறாள். சொல்லுமுன் ஒரு விநாடி தன் இரண்டு கையையும் குனிந்து பார்க்கிறாள், எது எந்தக் கை என்று. அதற்குள் சுட்டுவிடுகிறார்கள். மெஸ்ஸில்கூட, “அக்கா, ரைட் சைடு கொஞ்சம் தள்ளுங்க” என்று, ஏதோ பரீட்சையில் பதில் சொல்வதுபோல் சொன்னாள். ‘சொல்லுதேன்’ என்று ஆரம்பித்து ‘சொல்றேன்’ என்று திருத்திக்கொண்டாள். நஸ்ரினும் ‘ஏட்டி’யை விட்டுவிட்டாள்.

நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. பயிற்சியில் தினமும் தோற்கிறோம்.

மார்ச் 4, செவ்வாய்

நஸ்ரினுக்கு நோன்பு. விடிவதற்கு முன்பே அவள் சத்தம் போடாமல் எழுந்து சாப்பிடுகிறாள். நானும் எழுந்து துணைக்கு உட்காருவது வழக்கம். இந்த வருடமும் உட்கார்ந்தேன்.

மதியம் எப்சிபா அக்கா கூப்பிட்டனுப்பினார். ஆராய்ச்சி முடிவில் வைத்த கடைசிப் பரீட்சையின் மதிப்பெண் வந்துவிட்டது. திசை, வரைபடம், வழி காணும் பகுதியில் எல்லாரையும்விட அதிகம் முன்னேறியவள் நான்.

“இங்க வா வினோ, உனக்கு ஒண்ணு காட்டணும்” என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “நாப்பது பேரோட ரெக்கார்டிங்கையும் பாத்துட்டேன். இந்த ஒரு துண்டு போதும், என் தீசிஸ் நின்னுரும்.”

துறை விழாப் போட்டியின் ரெக்கார்டிங். என் திரை. அந்த வீடு.

இசக்கியின் குரல்: “வினோக்கா, மேல வீடு!” அந்தச் சொல் முடிவதற்குள் என் துப்பாக்கி மேற்கு ஜன்னலுக்குத் திரும்பிவிட்டது. குறி நேராக எதிர்வீட்டு ஜன்னலில். இரண்டு தலைகள் தெளிவாகத் தெரிகின்றன. அங்கேயே நிற்கிறது. இசக்கி இரண்டாம் முறை, “மேல வீடு!” என்கிறாள். இன்னும் நிற்கிறது. பிறகு மெதுவாகத் திரும்பி, மாடிப்படி ஏறுகிறது.

“பாத்தியா? ஜனவரியில இதே சொல்லுக்கு நீ மாடிக்கு ஓடுன. ஒரே மாசத்துல அவ பேச்சு உனக்குள்ள ஏறிருச்சு. யோசிக்காம மேற்க திரும்புற. இதுதான்மா திறன் வளர்ச்சி!” என்றார் அக்கா. அப்புறம், “கடைசியில கொஞ்சம் குழம்பிட்ட, மேடைப் பதட்டம். அது பரவாயில்ல” என்றார்.

“இதைக் காட்டாதீங்கக்கா” என்றேன்.

“பேர் போடமாட்டேன்டா. ஏழாம் எண் மாணவின்னுதான் போடுவேன். கூச்சப்படாத. வெள்ளிக்கிழமை கருத்தரங்கு, எல்லாரையும் கூட்டிட்டு வந்துரு.”

அக்கா உளவியல் படித்தவர்.

மார்ச் 7, வெள்ளி

போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். பூங்கொடி கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

அக்கா அதைக் காட்டினார். பெரிய திரையில். என் துப்பாக்கி மேற்கே திரும்பியது. நின்றது. நஸ்ரினின் பொம்மை கிணற்றைச் சுற்றி ஓடி வந்தது. நின்றது. பிறகு மாடி ஏறியது. எதிர்வீட்டிலிருந்து சுடும் சத்தம்.

“இந்த மாணவியோட முதல் அசைவைப் பாருங்க” என்றார் அக்கா. அரங்கில் எல்லாரும் கைதட்டினார்கள். துறைத் தலைவர்கூடத் தட்டினார். பூங்கொடி, “ஏழாம் எண்ணு யாரு புள்ள?” என்று கேட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

நஸ்ரின் தட்டவில்லை. திரை அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கி எனக்குப் பின்வரிசையில் இருந்தாள். முன்னால் குனிந்து, என் காதில், “அக்கா, நீங்க மொதல்ல மேக்கதான் திரும்புனிய. அப்போ நான் சொன்னது ஒங்களுக்கு வெளங்கியிருக்கு” என்றாள். குரலில் சந்தோஷம்தான் கேட்டது. “நான் சொன்னது யாருக்குமே வெளங்கலன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்.”

அப்புறம் ஏன் மாடிக்குப் போனிய என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று காத்திருந்தேன்.

அறைக்கு வந்ததும் கேட்டது நஸ்ரின். கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள்.

“பெருநாளுக்கு எத்தன தடவ எங்க வீட்டுக்கு வந்திருக்க?”

“நிறைய.”

“மேலப்பாளையம் பஸ் ஏறித்தானே வருவ?”

“ஆமா.”

“எங்க ஊரு என்ன மாடியிலயாட்டி இருக்கு?”

விதி, பதட்டம், மேடை என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

“என்னயச் சுடும்போது பாத்துட்டு நின்னிருக்க” என்றாள்.

“கேம்தானே நஸ்ரின்.”

“ஆமா. கேம்தான்.”

பாங்கு சொல்லும் நேரம் ஆனது. நான் வழக்கம்போல் காலை நீட்டுவதற்குள் அவளே குனிந்து என் பெட்டியை இழுத்தாள். பெட்டியில் புத்தகங்கள் இருந்தன, கனம். நோன்பு வைத்த உடம்போடு மூச்சு வாங்க இழுத்தாள். பிடிக்க எழுந்தேன். “இரு” என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

எப்சிபா அக்கா நாளைக்கு நோட்டைக் கேட்டிருக்கிறார். நல்ல பிரதியில் பிப்ரவரி 22க்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன். “குழு ஒற்றுமை” என்று எழுதி அடித்துவிட்டேன்.

காலையில் இசக்கியைத் தேடி அவள் அறைக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்கு எனக்குத் தெரியும் இசக்கி. மேல வீடு எதுன்னு தெரிஞ்சுதான் மாடிக்குப் போனேன்” என்றேன். எவ்வளவோ சொல்ல நினைத்துப் போனது, இவ்வளவுதான் வந்தது.

அவள் ஒரு பாவாடையை மடித்து முடித்தாள். “தெரியும்க்கா” என்றாள். “கைதட்டும்போதே தெரிஞ்சிட்டு.” அடுத்த துணியை எடுத்தாள். நான் அறைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் மெஸ்ஸில், பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து வாட்ச்மேன் அண்ணன் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்திருந்தார். மூன்று வருடமாக அந்தக் கஞ்சியை நஸ்ரினும் நானும் ஒரே கிண்ணத்தில் குடித்திருக்கிறோம். சுவரோர நீளப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இசக்கி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உட்காருவாள் என்று நான் நினைக்கவில்லை.

நஸ்ரின் கஞ்சிக் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்து இசக்கி சொன்னாள்: “வினோக்கா, கொஞ்சம் மேல தள்ளி உக்காருங்க. நஸ்ரினக்கா வாராவ.”

நான் மேற்கே தள்ளி உட்கார்ந்தேன். யோசிக்கவே இல்லை. தள்ளி முடித்த பிறகுதான் அவள் என்ன சொல் சொன்னாள் என்பதே காதில் விழுந்தது.

“பாத்தியளா நஸ்ரினக்கா,” என்றாள் இசக்கி. “வினோக்காவுக்கு நல்லா வெளங்குது.”

நஸ்ரின் எங்கள் இருவருக்கும் நடுவில் நான் விட்ட இடத்தைப் பார்த்தாள். பிறகு சுற்றிப் போய் இசக்கிக்குக் கிழக்கே உட்கார்ந்து, கஞ்சியை ஊத ஆரம்பித்தாள்.